டாக்டர் ‘ப்ளீடிங்’ என்று மட்டும் எழுதினால்?

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, எட்டு மாதமாகச் சென்னையில் மெடிக்கல் கோடராக, அதாவது டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க் குறியீடு போடுபவராக, வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகள்தான் எனக்கு வரும். போன மாத ஆடிட்டில் என் குவாலிட்டி 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பிழை விழுந்தவற்றில் மூன்று, ரத்தப்போக்கு சார்ட்டுகள். ஒன்றில் ஆர்58, ஒன்றில் என்93.9, ஒன்றில் கே92.2 போட்டிருந்தேன். மூன்றுமே ‘அன்ஸ்பெசிஃபைட்’ (விவரம் குறிப்பிடாத) குறியீடுகள், அதனால்தான் பிழை என்று ஆடிட்டர் எழுதியிருக்கிறார். எங்கள் டீம் லீடர் (டி.எல்.), “இனிமேல் அன்ஸ்பெசிஃபைடே போடாதே, எதையாவது ஸ்பெசிஃபிக்காகப் போடு” என்கிறார். டாக்டரே தெளிவாக எழுதாதபோது நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அடுத்த மாதம் இன்பேஷன்ட் (மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகள்) டீமுக்கு வேறு மாற்றப்போகிறார்கள். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சார்ட்டுகளின் சுருக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பதில்: உங்கள் சுருக்கத்தில் நோயாளியின் பெயர், தேதி, மருத்துவமனை எதுவுமே இல்லை. எட்டு மாத அனுபவத்தில் அந்தக் கவனம் வந்திருப்பது நல்ல விஷயம். சரி, கேள்விக்கு வருகிறேன்.

மூன்றில் இரண்டு சார்ட்டில் தவறு உங்களுடையது. மூன்றாவதில் தவறு ஆடிட்டருடையது. உங்கள் இரண்டு தவறுகளுக்கும் காரணம் ‘அன்ஸ்பெசிஃபைட்’ குறியீடு போட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆடிட்டர் மூன்றுக்கும் ஒரே வரியில் காரணம் எழுதியதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

ஆர்58-இலிருந்து தொடங்கலாம். ‘ஹெமரேஜ், வேறெங்கும் வகைப்படுத்தப்படாதது’ என்பது அதன் தலைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐசிடி-9 என்ற பழைய நோய்க் குறியீட்டுப் புத்தகம் நடப்பில் இருந்தது. அதில் இதே ரத்தப்போக்குக்கு 459.0 என்ற குறியீடு உண்டு. அது ரத்த ஓட்ட மண்டல நோய்களின் அத்தியாயத்தில் உட்கார்ந்திருந்தது. 2015 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்கா ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியபோது அந்த இடத்துக்கு வந்தது ஆர்58. ஆர் என்று தொடங்குவதெல்லாம் 18-ஆம் அத்தியாயம், அதாவது அறிகுறிகள். நோய் என்று பட்டியலிடப்பட்டிருந்தது அறிகுறி ஆகிவிட்டது. இது எனக்குச் சரியாகவே படுகிறது. ‘ரத்தம் வருகிறது’ என்பது நோயாளி சொல்லும் சேதி. எங்கிருந்து, எதனால் என்பது பிறகு தெரியவேண்டிய விஷயம்.

குறியீட்டுப் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் ‘ப்ளீடிங்’ என்று தேடினால் முதல் வரியிலேயே ஆர்58 நிற்கும். அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். அதற்குக் கீழே இடம் இடமாகப் பிரிந்து போகும் வரிகளைப் பாருங்கள். மூக்கு என்றால் ஆர்04.0, இருமலில் ரத்தம் என்றால் ஆர்04.2, ஈறு என்றால் கே06.8, சிறுநீரில் என்றால் ஆர்31 வரிசை, மலக்குடல் என்றால் கே62.5. உடம்பில் ஓர் இடத்தின் பெயர் சார்ட்டில் கிடைத்துவிட்டால் ஆர்58-க்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. இடமும் தெரியாமல் காரணமும் தெரியாமல் போனால்தான் அது. நேர்மையாகச் சொன்னால், ஆர்58 சரியாகப் பொருந்தும் எமர்ஜென்சி சார்ட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் முதல் சார்ட்டைப் பார்ப்போம். இறுதி இம்ப்ரெஷனில், அதாவது முடிவு வரியில், டாக்டர் ‘ப்ளீடிங்’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். நீங்கள் ஆர்58 போட்டுவிட்டீர்கள். ஆனால் அதே டாக்டரின் எச்.பி.ஐ.யில் (நோய் எப்படித் தொடங்கியது என்ற குறிப்பில்) ‘இரண்டு நாளாக மலவாய் வழியே பிரகாசமான சிவப்பு ரத்தம்’ என்று இருக்கிறது. பரிசோதனைக் குறிப்பிலும் விரலில் ரத்தம் தென்பட்டதை எழுதியிருக்கிறார். இடத்தைச் சொன்னவர் அவர்தான். இம்ப்ரெஷன் வரியில் அதைத் திரும்பச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆடிட்டர் போட்ட கே62.5 சரி. இம்ப்ரெஷனை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த சார்ட்டுக்குத் தாவுவது ப்ரொடக்‌ஷன் டார்கெட் சொல்லிக்கொடுக்கும் பழக்கம். மணிக்கு இத்தனை சார்ட் என்று கடிகாரம் ஓடும்போது எல்லோரும் செய்கிறோம். நானும் செய்து மாட்டியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இதே வாக்கியம், வந்ததும் முதலில் பார்க்கும் ட்ரையாஜ் நர்ஸின் குறிப்பில் மட்டும் இருந்து, டாக்டரின் குறிப்பில் எங்குமே இல்லாமல் இருந்தால் கதை வேறு. நர்ஸ் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, கோடிங்குக்கான அதிகாரபூர்வ விதித் தொகுப்பான கைடுலைன் அனுமதிக்கும் விஷயங்கள் சில உண்டு: பி.எம்.ஐ., படுக்கைப் புண்ணின் நிலை மாதிரி. நோய் இன்னதென்று சொல்வது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஒரு தகவல் சார்ட்டில் கண்ணில் பட்டதும் அது யார் எழுதியது என்று மேலே பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சார்ட்டில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் இது தவிர்த்திருக்கக்கூடியது. இம்ப்ரெஷன் ‘வெஜைனல் ப்ளீடிங்’. இன்டெக்ஸ்படி என்93.9-க்குத்தான் போகும், போயிருக்கிறீர்கள். ஆனால் எச்.பி.ஐ.யின் முதல் வரியே ‘எட்டு வாரக் கர்ப்பிணி’ என்று தொடங்குகிறது. கர்ப்பம் என்ற சொல் வந்த கணத்தில் 15-ஆம் அத்தியாயம் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். ‘கர்ப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று டாக்டரே எழுதினால்தான் வெளியே வரமுடியும். கர்ப்பப்பை ரத்தப்போக்கில் யார் அப்படி எழுதப்போகிறார்கள்? 20 வாரம் முடிவதற்கு முன் என்றால் ஓ20, அதற்குப் பிறகு என்றால் ஓ46 பக்கம் போகவேண்டும். இங்கே ஓ20.9, கூடவே வாரத்தைச் சொல்ல இசட்3ஏ.08.

கவனித்தீர்களா? ஆடிட்டர் சொல்லும் ஓ20.9-உம் அன்ஸ்பெசிஃபைட்தான். ‘கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தப்போக்கு, குறிப்பிடப்படாதது’ என்பதே அதன் தலைப்பு. ஆக, உங்கள் குறியீடு அன்ஸ்பெசிஃபைட் என்பதால் பிழை விழுந்தது என்ற விளக்கம் இங்கேயே நிற்கவில்லை. நீங்கள் தவறான அத்தியாயத்தில் இருந்தீர்கள், அதுதான் பிழை. ‘த்ரெட்டண்ட் அபார்ஷன் (கருச்சிதைவு அபாயம்) என்று ஓ20.0 போட்டிருக்கலாமா?’ என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் அந்தச் சொல்லை எழுதினால் போடலாம். எட்டு வாரம், ரத்தப்போக்கு, குழந்தையின் இதயத்துடிப்பு தெரிகிறது என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து நீங்களே அந்த முடிவுக்கு வரக்கூடாது. அது டாக்டருடைய வேலை, அவருடைய லைசென்ஸ்.

இதே தடுமாற்றம் இன்னொரு வயதிலும் வரும். 54 வயதுப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு என்று பார்த்ததும், ‘இந்த வயதில் மாதவிடாய் நின்றிருக்குமே’ என்று என்95.0-க்குக் கை போகும். டாக்டர் ‘போஸ்ட்மெனோபாஸல்’ என்று எங்காவது எழுதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். வயதை மட்டும் வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

இனி மூன்றாவது. வயதானவர், மலத்தில் ரத்தம், இம்ப்ரெஷன்: ‘ஜி.ஐ. ப்ளீட், அநேகமாகப் பெருங்குடல் டைவர்ட்டிகுலோசிஸிலிருந்து’. (ஜி.ஐ. ப்ளீட் என்பது உணவுப்பாதை ரத்தப்போக்கு, டைவர்ட்டிகுலோசிஸ் என்பது குடல் சுவரில் சிறு பைகள் உண்டாவது.) ஆங்கிலத்தில் ‘லைக்லி’ என்ற சொல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். நீங்கள் கே92.2 போட்டீர்கள். ‘ஸ்பெசிஃபிக் காரணம் இருந்தும் அன்ஸ்பெசிஃபைட் போடப்பட்டுள்ளது’ என்று கே57.31-ஆக (ரத்தப்போக்குடன் கூடிய பெருங்குடல் டைவர்ட்டிகுலோசிஸ்) மாற்றியிருக்கிறார் ஆடிட்டர். நீங்கள் போட்டதுதான் சரி. எமர்ஜென்சி விசிட், மருத்துவமனையில் சேராத அவுட்பேஷன்ட் கணக்கு. அவுட்பேஷன்ட்டில் ‘லைக்லி’, ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’, ‘ரூல் அவுட்’ இதெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும் நோயைக் கோட் பண்ணக்கூடாது. உறுதியாகத் தெரிந்த அறிகுறி வரைக்கும்தான் போகலாம். கைடுலைனின் நான்காம் பிரிவு, எச் என்று குறியிட்ட பத்தி. டாக்டர் நிச்சயமாகச் சொன்னது ஜி.ஐ. ப்ளீட். கே92.2-இன் பெயரே அதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்தவருக்கு எமர்ஜென்சியில் கொலோனாஸ்கோபி பண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். ரத்த அழுத்தம் நிற்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு, அட்மிட் பண்ணவேண்டுமா என்பதுதான் அந்த டாக்டரின் கவலை. காரணம் தெரியாது என்பது அந்த நேரத்து உண்மை. அதைத்தான் கே92.2 சொல்கிறது. கைடுலைனின் முதல் பிரிவில் பி.18 என்ற பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு விசிட்டையும் அன்றைக்கு எந்த அளவு நிச்சயமாகத் தெரிந்ததோ அந்த அளவுக்குக் கோட் பண்ணவேண்டும் என்றும், ரெக்கார்டில் ஆதாரமில்லாத ஸ்பெசிஃபிக் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது தகாது என்றும் அங்கே இருக்கிறது. உங்கள் டி.எல். சொன்ன ‘எதையாவது ஸ்பெசிஃபிக்காக’ என்பது இதற்கு நேர் எதிர். அவரையும் குறை சொல்லமாட்டேன். அன்ஸ்பெசிஃபைட் அதிகமானால் இன்ஷூரன்ஸ் டினையல் (பணம் தர மறுப்பு) வரும், க்ளையன்ட் கத்துவார், மேலிருந்து அவருக்கு மெயில் வரும். அந்தச் சூடு உங்கள் வரைக்கும் இறங்குகிறது. ஆனால் ஆதாரமில்லாமல் போட்ட கே57.31 அந்த நோயாளியின் ரெக்கார்டில் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு அவருக்கு டைவர்ட்டிகுலோசிஸே இல்லை என்று தெரிந்தாலும் க்ளெய்ம் வரலாற்றில் அது இருக்கும்.

இன்பேஷன்ட்டுக்கு இங்கிருந்தே பாலம் போட்டுக்கொள்ளலாம். இதே நோயாளி அட்மிட் ஆகி, நான்கு நாள் இருந்து, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே ‘லைக்லி’யோடு வெளியே போகிறார் என்று வையுங்கள். மருத்துவமனையின் இன்பேஷன்ட் பில்லில் கே57.31 போடலாம்! அங்கே விதி தலைகீழ்: டிஸ்சார்ஜ் ஆகும்போதும் ‘அநேகமாக’ என்று நிற்கும் நோயை, இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கோட் பண்ணச் சொல்கிறது கைடுலைன். ஒரே வாக்கியம், இரண்டு இடத்தில் இரண்டு குறியீடு. உங்கள் ஆடிட்டர் இன்பேஷன்ட்டிலிருந்து வந்தவராக இருப்பார் என்பது என் ஊகம். பழைய டீமின் விதி கையோடு வந்துவிடும். உங்களுக்கும் அடுத்த மாதம் இதுவே மறுபக்கமாக நடக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்பேஷன்ட்டில் ஜி.ஐ. ப்ளீட் சார்ட் நிறைய வரும். எண்டோஸ்கோபி பண்ணியிருப்பார்கள், ‘நாள்பட்ட இரைப்பைப் புண், இப்போது ரத்தக் கசிவு இல்லை’ என்று ரிப்போர்ட் இருக்கும். நோயாளி வந்ததோ கறுப்பு மலத்தோடு. நான் புதிதில் இப்படிப்பட்ட ஒரு சார்ட்டில் புண்ணுக்கு கே25.7, ரத்தப்போக்குக்கு கே92.2 என்று இரண்டாகப் பிரித்துப் போட்டு, பெருமையாக அனுப்பிவிட்டேன். மறுநாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. இன்டெக்ஸில் புண்ணுக்குக் கீழே ‘வித் ஹெமரேஜ்’ என்ற கிளை இருக்கிறது. ‘வித்’ என்று வந்துவிட்டால், டாக்டர் மறுத்து எழுதாதவரை இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். கேமரா உள்ளே போன நேரத்தில் ரத்தம் கசியவேண்டிய அவசியமில்லை. சரியான குறியீடு கே25.4 ஒன்றுதான். கே92.2-க்குக் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ் 1 (சேர்த்துப் போடக்கூடாதவை) குறிப்பிலேயே ‘இரைப்பைப் புண்ணோடு வரும் ரத்தப்போக்கு’ விலக்கப்பட்டிருந்தது. குறியீடுகளின் முழுப் பட்டியலான டேபுலரைத் திறக்காமல் என்கோடர் மென்பொருளை மட்டும் நம்பியதற்குக் கிடைத்த பரிசு அது.

மூல நோயும் இதே ரகம். கே64.0-இன் விளக்கத்தில் ‘ப்ளீடிங்’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கும். மூலத்திலிருந்து ரத்தம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ரத்தம் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே அடக்கம், கே62.5-ஐத் தனியாகச் சேர்க்கவேண்டாம். காயத்தில் வரும் ரத்தமும் அப்படித்தான்: வெட்டுக்காயத்துக்குக் குறியீடு போட்டால் போதும், வெட்டினால் ரத்தம் வரத்தானே செய்யும்.

பணம் நகரும் இடம் டி62, அதாவது திடீர் ரத்த இழப்பால் வரும் ரத்தசோகை. கே92.2 முதன்மைக் குறியீடாக இருக்கும் சார்ட்டில் வேறெதுவும் இல்லாவிட்டால் டி.ஆர்.ஜி. (மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கும் தொகுப்பு எண்) 379. டி62 ஒரு சி.சி. (சிகிச்சைச் செலவைக் கூட்டும் கூடுதல் நோய்) என்பதால் அது சேர்ந்ததும் 378-க்கு ஏறும், மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். அதனால் பார்ப்பவர்களும் அதிகம். ஹீமோகுளோபின் 11.2-இலிருந்து 7.4-க்கு இறங்கியிருக்கும், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருப்பார்கள், டாக்டரோ ‘ரத்தசோகை, கண்காணிக்கவும்’ என்று மட்டும் எழுதியிருப்பார். உங்களுக்கு நூறு சதவீதம் தெரியும். இருந்தாலும் போடக்கூடாது. ‘ப்ளட் லாஸ் அனீமியா’ என்று எழுதி ‘அக்யூட்’டை விட்டுவிட்டால்கூட இன்டெக்ஸ் உங்களை நாள்பட்ட ரத்த இழப்பான டி50.0-க்குத்தான் அழைத்துப் போகும். ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை.

அங்கேதான் க்வெரி, அதாவது டாக்டரிடம் எழுதிக் கேட்கும் கேள்வி. ‘அக்யூட் ப்ளட் லாஸ் அனீமியா என்று எழுதித் தரமுடியுமா?’ என்று கேட்டால் அது வழிநடத்தும் க்வெரி, ஆடிட்டில் நிற்காது. மாறாக இப்படி எழுதுங்கள்: ‘சேர்க்கையின்போது ஹீமோகுளோபின் 11.2, இரண்டாம் நாள் 7.4. இரண்டு யூனிட் ஏற்றப்பட்டது. ப்ரோக்ரஸ் நோட்டில் ரத்தசோகை என்று உள்ளது. அதன் வகையையும் காரணத்தையும் தெளிவுபடுத்தவும்.’ கீழே தேர்வுகள் கொடுக்கலாம், ஆனால் ‘மற்றவை’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் கட்டாயம் இருக்கவேண்டும். எண்களை நீங்கள் எடுத்து வையுங்கள், பெயரை அவர் வைக்கட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களின் சார்ட்டும் வரும். வார்ஃபரின் எடுக்கிறார், ரத்தம் வருகிறது என்று இரண்டும் தனித்தனி வரியில் இருந்தால் ரத்தப்போக்கின் குறியீடும், அந்த மருந்தை எடுப்பதைச் சொல்லும் இசட்79.01-உம் போதும். வார்ஃபரினால்தான் ரத்தம் என்று டாக்டர் சேர்த்து எழுதினால் டி68.32 வரும், அதோடு மருந்தின் பக்கவிளைவைக் குறிக்கும் டீ45.515ஏ. (முன்னது டேவிட்டின் டி, பின்னது டீக்கடை டீ.) எங்கிருந்து ரத்தம் வந்தது என்பதற்கான குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் டீமில் சீனியர்கள் கொடுக்கும் எக்செல் சீட் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், எல்லா நிறுவனத்திலும் உண்டு. அதில் ரெட்ரோபெரிடோனியல் ஹெமரேஜுக்கு (வயிற்று உறைக்குப் பின்னால் ரத்தப்போக்கு) ஆர்58 என்று எழுதியிருந்தால் அந்த சீட் பழசு. இப்போது அதற்கு கே68.3 இருக்கிறது. குறியீடுகள் ஒவ்வொரு அக்டோபரிலும் மாறும், சில சமயம் ஏப்ரலிலும் சேரும். நீங்கள் கோட் பண்ணுவது எந்தத் தேதி விசிட் என்பதைப் பார்த்து அந்த வருடப் புத்தகத்தைத் திறக்கவேண்டும்.

கடைசியாக, ரீபட்டல், அதாவது ஆடிட் முடிவுக்கு எழுதும் மறுப்பு. முதல் இரண்டு சார்ட்டுக்கும் அனுப்பாதீர்கள், ஒப்புக்கொண்டுவிடுங்கள். மூன்றாவதுக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்றுக்கும் சேர்த்து அனுப்பினால் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து மூன்றையும் தள்ளிவிடுவார்கள். கோபமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ‘எமர்ஜென்சி விசிட், டாக்டரின் இம்ப்ரெஷன் ஜி.ஐ. ப்ளீட், லைக்லி டைவர்ட்டிகுலர், கைடுலைன் பிரிவு 4, எச்-இன்படி உறுதியாகாத நோய் அவுட்பேஷன்ட்டில் கோட் செய்யப்படுவதில்லை, கே92.2-ஐத் தக்கவைக்க வேண்டுகிறேன்.’ இவ்வளவு போதும். இம்ப்ரெஷன் வரியின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்தக் கைடுலைன் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவகாசம் முடிந்திருந்தாலும் டி.எல். வழியாக குவாலிட்டி மேனேஜருக்கு அதே மெயிலை அனுப்புங்கள். போன மாத மதிப்பெண் மாறுமா என்று தெரியாது. ஆனால் அந்த ஆடிட்டரிடம் போகும் அடுத்த ஜி.ஐ. ப்ளீட் சார்ட் உங்கள் பக்கத்து இருக்கைக்காரருடையதாக இருக்கலாம்.